நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இலை சிவப்பதைப் பார்க்க எங்கே போகலாம்? குடும்பத்தோடு நடக்க வழி சொல்லுங்கள்

வடசேரிவாசி | அக்டோபர் 9

எல்லோருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும்.

அக்கா குடும்பம் டொரண்டோவில் இருக்கிறது. அக்டோபர் வந்தால் போதும், மேப்பிள் மரங்களுக்கு நடுவே அவர்கள் நடக்கிற படங்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும். போன ஞாயிறு வீடியோ காலில் அக்கா மகள் ஒரு சிவப்பு இலையை கேமரா முன்னால் பிடித்து, "பாட்டி, உங்க ஊர்ல இப்படி உண்டா?" என்று கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை. "நம்ம ஊருலயும் எல செவக்கும் மக்களே. நீ வா, நான் காட்டித் தாறேன்" என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா பிறந்தது அருமனைப் பக்கம். கல்யாணமாகி நாகர்கோவில் வந்து 48 வருடம் ஆகிறது. நான் டவுனிலேயே வளர்ந்தவன். இங்கே மரம் சிவந்து நான் பார்த்ததாக நினைவில்லை. அம்மா சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று மனசுக்குள் ஒரு பதற்றம்.

அக்கா டிசம்பர் 20 வாக்கில் வந்து ஜனவரி பாதி வரை இருப்பாள். பிள்ளைகளுக்கு 11 வயது, 7 வயது. அம்மாவுக்கு 71. முட்டுவலி உண்டு, ஆனால் பைய நடந்துவிடுவார்கள். எங்கே போகலாம், எந்த வாரம் போகலாம்?

குளச்சல்காற்று | அக்டோபர் 9

நல்லவேளை, டிசம்பர் என்றீர்கள். இந்த ஐப்பசி கார்த்திகையில் நம்ம ஊரில் மழைதான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. இப்போது மலைப்பக்கம் போனால் பச்சையும் அட்டையும்தான் இருக்கும்.

எங்கள் கடற்கரைப் பக்கம் வீட்டு முற்றங்களில் நிற்கிற வாதாம் மரத்தை மறந்துவிடாதீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை இலை சிவந்து உதிர்கிற மரம் அது. உள்ளங்கையை விடப் பெரிய இலை, காம்புப் பக்கம் பச்சையும் நுனியில் ரத்தச் சிவப்புமாக நிற்கும். மேப்பிள் பார்த்த பிள்ளைக்கு அதில் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அருமனைவிளை | அக்டோபர் 10

தம்பி, உங்க அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவர்கள் மனதில் இருப்பது ரப்பர்.

ரப்பர் மரம் வருடத்துக்கு ஒரு தடவை முழுசாக இலை உதிர்க்கும். நம்ம பக்கம் மார்கழிப் பாதியில் ஆரம்பித்து, தையில் உச்சத்துக்குப் போகும். அருமனை, களியல், கடையாலுமூடு, ஆறுகாணி, பத்துகாணி, இந்தப் பக்கம் குலசேகரம், பேச்சிப்பாறை என்று மேடும் பள்ளமுமாக எங்கும் ரப்பர் விளை, அதாவது ரப்பர் தோட்டம்தானே. முதலில் உச்சாணிக் கொப்பில் மஞ்சள் தட்டும். ஒரு வாரத்தில் ஆரஞ்சு, பிறகு செங்கல் நிறம், கடைசியில் காப்பிப்பொடி நிறம். அப்புறம் ஒரு காற்று அடித்தால் போதும், விளை முழுக்கச் சருகுதான்.

ஒரு விளை முழுக்க ஒன்றாகச் சிவப்பதற்குக் காரணம் உண்டு. இப்போது இருப்பதெல்லாம் ஒட்டுக்கன்று. ஒரே தாய்மரத்து மொட்டை ஒட்டி வளர்த்தவை, அதாவது எல்லாம் ஒரே மரத்தின் நகல் மாதிரி. இங்கே அதிகம் இருப்பது 105 என்கிற ரகம். பக்கத்து விளையில் வேறு ரகம் நின்றால் அது பத்து நாள் முந்தியோ பிந்தியோ நிறம் மாறும். அதனால்தான் மேட்டில் நின்று பார்த்தால் ஒரு துண்டு மஞ்சள், ஒரு துண்டு சிவப்பு, ஒரு துண்டு இன்னும் பச்சை என்று பாய் விரித்த மாதிரி தெரியும்.

ஆடி மாதத்திலும் சில வருடம் இலை கொட்டும். அது அழகு இல்லை, நோய். மழையில் வருகிற பூஞ்சை. பச்சையாகவே காம்போடு விழும், காம்பில் ஒரு துளி பால் உறைந்து நிற்கும். தையில் விழுவது மரம் தானாக விடுகிற இலை.

ஜனவரி 5க்கு மேல் வாருங்கள்.

கீரிப்பாறைநடை | அக்டோபர் 10

மன்னிக்கணும், எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ரப்பர் நம்ம மண்ணின் மரம் இல்லை. அமேசான் காட்டு மரம். 1876இல் விக்காம் என்கிற ஆங்கிலேயர் ஏறக்குறைய 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய், பிறகு நம் பக்கம் பரவின. அந்த மரத்துக்காக எத்தனை மலைச்சரிவுகளில் காடு போனது என்பது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஒரே மரம் வரிசை கட்டி நிற்பதைக் காட்டி, இதுதான் எங்கள் ஊர் நிறம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

நம் காட்டுக்கு வேறு ஒரு நிறம் உண்டு. இங்கே பசுமைமாறாக் காட்டு மரங்கள் பெரும்பாலும் மொத்தமாக இலை கொட்டுவதில்லை. ஆனால் தளிர் விடும்போது சிவக்கும். மாசி பங்குனியில் நாங்கு மரத்தைப் பாருங்கள். கொழுந்து அத்தனையும் செம்பு நிறத்தில், வெயில் பட்டால் தீப்பிடித்த மாதிரி. பூவமரமும் அப்படித்தான். முள்ளிலவு அதற்கு முன்பே இலையெல்லாம் உதிர்த்து, வெறும் கொம்பில் சிவப்புப் பூ வைக்கும். மேல்நாட்டில் சாகப் போகிற இலை சிவக்கிறது, நம் காட்டில் பிறக்கிற இலை சிவக்கிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லலாமே?

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போவதானால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். 2008இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்த காடு அது. யானை நடமாட்டம் உண்டு.

அருமனைவிளை | அக்டோபர் 11

அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்தில் இப்போது விளை இருக்கும் இடத்தில் அயினியும் காட்டுமாவும் நின்றன என்று நானே கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அவர்கள் ஜனவரி பாதியில் திரும்பிவிடுவார்கள். நாங்கு தளிர் விட இன்னும் ஒரு மாதம் ஆகும். அதோடு, இது ஒரு பாட்டி தன் பேத்திக்குக் கொடுத்த வாக்கு. அந்த அம்மா சின்ன வயதில் பார்த்த நிறம் ரப்பர் விளையின் நிறம். அதை அவர்கள் காட்டட்டும்.

கீரிப்பாறைநடை | அக்டோபர் 11

அது சரிதான். பாட்டி கை காட்டுகிற மரத்தைப் பார்ப்பதே முறை. காட்டை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருவட்டாறுடீச்சர் | அக்டோபர் 12

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் கட்டாயம் "ஏன்?" என்று கேட்பார்கள். அதற்காக எழுதுகிறேன்.

இலையில் பச்சையம் இருக்கிறவரை மற்ற நிறங்கள் அதன் அடியில் மறைந்திருக்கும். இலையை விட்டுவிட மரம் தீர்மானித்ததும் அதிலிருக்கும் சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், பச்சையம் சிதையும். மஞ்சளும் ஆரஞ்சும் அப்போதுதான் வெளியே தெரியும். அவை ஏற்கெனவே இருந்தவை. சிவப்பு அப்படியில்லை. பெரும்பாலும் அது அந்தக் கடைசி நாட்களில் இலை புதிதாக உண்டாக்கும் நிறமி. அண்ணன் சொன்ன நாங்குத் தளிரின் சிவப்பும் அதே வகைதான். இளந்தளிரை வெயிலிலிருந்து காக்க அது உதவுகிறது.

டொரண்டோவில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் ஆறரை மணி நேர வித்தியாசம். பகல் குறைவதையும் குளிர் ஏறுவதையும் வைத்து மேப்பிள் காலத்தைப் புரிந்துகொள்கிறது. நாம் இருப்பது 8 பாகை வடக்கில். நமக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இங்கே முக்கியமாக மரத்துக்குச் செய்தி சொல்வது வறட்சி. கார்த்திகையோடு மழை ஓய்ந்து, மண் காய ஆரம்பித்து, காலையில் பனி இறங்கும்போது ரப்பர் இலையை விடுகிறது. அமேசானில் அதன் சொந்தக்காரர்களும் வறண்ட மாதங்களில்தான் இலை உதிர்க்கின்றன. ஊர் மாறியும் மரம் பழக்கத்தை விடவில்லை.

இன்னொன்று. நம் முன்னோர் வருடத்தை கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பிரித்தார்கள். இலையுதிர்காலம் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. மார்கழியும் தையும் முன்பனி. பேத்தியிடம், "உங்கள் ஊரில் கூதிரில் சிவப்பது எங்கள் ஊரில் முன்பனியில் சிவக்கும்" என்று சொல்லுங்கள். இரண்டு புதுச் சொல் கற்றுக்கொண்டு போவாள்.

வெட்டுக்காரர்மகள் | அக்டோபர் 14

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

என் அப்பா 30 வருடம் ரப்பர் வெட்டினார், அதாவது பால் எடுக்க மரப்பட்டையைக் கீறுகிற வேலை. விடிவதற்கு முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய், ஒரு நாளைக்கு 350 மரம். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். எங்கள் வீட்டில் இலை சிவந்தால் யாரும் படம் எடுக்கவில்லை. அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவிடம், "இன்னும் மூணு வாரம் தாண்டாது" என்பார். இலை கொட்டித் தளிர் முற்றும்வரை வெட்டை நிறுத்திவிடுவார்கள். புது இலை விட மரத்துக்குத் தன் சேமிப்பு அத்தனையும் வேண்டும், அப்போது வெட்டினால் மரம் கெட்டுப்போகும். மரத்துக்கு ஓய்வு. எங்களுக்குக் கூலி இல்லை. மளிகைக்கடைப் பற்று நோட்டில் எங்கள் பக்கம் நீண்டுகொண்டே போகும். அப்பா அந்த மாதங்களில் நல்லமிளகு பறிக்கப் போவார், மரச்சீனிக் கிழங்கு பிடுங்கப் போவார்.

ஆனாலும் நானும் தம்பியும் அந்தச் சருகில்தான் வளர்ந்தோம். வரப்பு மேட்டில் ஏறி, பாளையில் உட்கார்ந்து, சருகு மேல் சறுக்கிக்கொண்டு வருவோம். ரப்பர் சருகின் சத்தம் வேறு எந்தச் சருகுக்கும் கிடையாது. காகிதம் மாதிரி மொரமொர என்று கேட்கும். இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். தை மாதம் வந்தால் அந்தச் சத்தம் காதில் கேட்கும்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மரத்தில் பால் பிடிக்கக் கம்பியில் தொங்கும் சிரட்டையைப் பிள்ளைகள் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையில் வெட்டின இடத்தை நகத்தால் கீறக் கூடாது. வழியில் வெட்டுக்காரர் யாராவது எதிரே வந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். பிள்ளைகளிடம், இவர் கையால்தான் பால் வருகிறது என்று சொல்லுங்கள்.

வடசேரிவாசி | அக்டோபர் 14

அக்கா, கட்டாயம் சொல்வேன். அம்மாவிடம் உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். அம்மாவின் அப்பாவும் வெட்டுக்காரர்தான். எனக்கு இது இன்றுதான் தெரியும். தாத்தாவுக்கு ஏதோ விவசாயம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "பாளையில சறுக்குனது நாங்களும்தான்" என்றார்கள்.

மார்த்தாண்டம்தேன் | அக்டோபர் 15

இலை உதிர்ந்த பிறகு நடப்பதுதான் எங்கள் பிழைப்பு.

ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும். மூன்று சிற்றிலையும் சேருகிற காம்பு நுனியில் சின்னச் சுரப்பிகள் உண்டு. புதுத்தளிர் செம்பு நிறம் மாறி இளம்பச்சை ஆகும்போது அதில் இனிப்பு நீர் கசியும். தேனீக்கு வேண்டியது அதுதான், பூ வேண்டாம். அந்தச் சில வாரங்களுக்காகத்தான் பெட்டிகளை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றி விளைகளில் கொண்டுவைக்கிறோம். ராத்திரிதான் எல்லாத் தேனீயும் கூட்டுக்குள் இருக்கும்.

இந்தத் தொழில் இங்கே வேர்விட்டது 1920களில். ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் நடத்தியபோது பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். 1991–92இல் ஒரு வைரஸ் நோய் வந்து புழுவெல்லாம் செத்து, எங்கள் வீட்டில் மட்டும் 60 பெட்டி காலியாகப் போனது. அப்பா காலிப் பெட்டிகளைக் கழுவி வெயிலில் அடுக்கிவைத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து மீண்டு வந்த தொழில் இது. இப்போது மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்து வெள்ளையாகக் கட்டிவிடும். சர்க்கரை கலந்தது என்று பலர் திருப்பிக் கொண்டுவருவார்கள். அந்தத் தேனின் குணம் அது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும்.

நீங்கள் வருகிற நேரத்தில் முன்னால் தளிர்த்த மரம் ஒன்றிரண்டு இருக்கலாம். காலையில் காம்பு நுனியைப் பாருங்கள்.

வடசேரிவாசி | டிசம்பர் 28

வந்துவிட்டார்கள். அம்மாவால் எவ்வளவு நடக்க முடியும் என்பதுதான் கேள்வி. விளைக்குள் கொஞ்சம், ஒரு மேட்டிலிருந்து பார்க்கக் கொஞ்சம் என்று நினைக்கிறோம்.

அருமனைவிளை | டிசம்பர் 28

மேடு என்றால் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து 7 கிலோமீட்டர். 9ஆம் நூற்றாண்டுச் சமணப் பள்ளி இருந்த மலை, பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக உண்டு. திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். பாதை கல் பாவியது, நடுவில் உட்கார இடமும் உண்டு. பைய ஏறினால் அம்மா ஏறிவிடுவார்கள். மேலே நின்றால் ஆறும் தென்னையும் ரப்பரும் மலையும் ஒரே பார்வையில்.

விளைக்கு யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம், நம்ம விளைக்கே வாருங்கள். தனிச்செய்தியில் வழி அனுப்புகிறேன். இந்த வருடம் மழை தள்ளிப் போனதால் நிறமும் ஒரு வாரம் தள்ளிப் போகும். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு சரியாக இருக்கும்.

செருப்பு வேண்டாம், எல்லோரும் ஷூ போடுங்கள். சருகுக்குள் குழிவிரியன் சுருண்டு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்கிற நான்கு பாம்புகளின் கடிக்குக் கொடுக்கிற மருந்து, மூக்கு மேல்நோக்கி வளைந்த இந்தக் குழிவிரியன் கடிக்குப் பலிக்காது. கையில் ஒரு கம்பு வைத்துத் தட்டிக்கொண்டு முன்னால் நான் நடப்பேன், பிள்ளைகள் பின்னால் வரட்டும். தீப்பெட்டி யார் பையிலும் இருக்கக் கூடாது.

வடசேரிவாசி | ஜனவரி 13

போய்விட்டு வந்தோம். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வாட்டின வாழையிலையில் பொதிசோறு, ஒரு சீப்பு மட்டிப்பழம், ஃபிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி. மார்த்தாண்டம் தாண்டியதும் அம்மா கார் கண்ணாடியை இறக்கிவிட்டார்கள். அப்புறம் ஏற்றவே இல்லை.

விளைக்குள் கால் வைத்ததும் எனக்கு முதலில் பட்டது வெளிச்சம். ரப்பர் விளை என்றால் இருட்டாக, ஈரமாக, கொசுவோடு இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மேலே பாதி இலை போய்விட்டதால் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. தரையும் ஆரஞ்சு, மேலேயும் ஆரஞ்சு. காற்று வரும்போது இலைகள் கொத்தாக விழவில்லை. ஒவ்வொன்றாக, சுற்றிச் சுற்றி, நேரம் எடுத்துக்கொண்டு இறங்கின. பிள்ளைகள் இரண்டும் கையை நீட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டன. வெட்டுக்காரர்மகள் அக்கா, நீங்கள் சொன்ன அந்த மொரமொர சத்தம் கேட்டது. சின்னவன் வேண்டுமென்றே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தான்.

அக்கா மகள் ஒரு முழு இலையை எடுத்து எண்ணினாள். "மேப்பிள் ஒரே இலை, ஓரத்தில்தான் கூர் கூராக இருக்கும். இது மூணு தனி இலை" என்றாள். அம்மா அதை வாங்கி, மூன்றும் சேருகிற இடத்தைத் தடவிக் காட்டி, "இதுல தேன் வரும், இப்பம் இல்ல, மாசியில" என்றார்கள். மார்த்தாண்டம்தேன் சார் எழுதினதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. தளிர்த்த மரம் தேடினோம், ஒன்றே ஒன்று கிடைத்தது. இலை இன்னும் செம்பு நிறத்தில் வாடினது போலத் தொங்கிக்கொண்டிருந்தது, ஈரம் எதுவும் இல்லை.

அம்மா ஒரு பழைய மரத்தின் பக்கத்தில் நின்றார்கள். பட்டை முழுக்க வெட்டி வெட்டி முண்டு முண்டாக இருந்தது. சாய்வாகப் போகும் கோட்டின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டினார்கள். "இந்தச் சரிவு மாறக் கூடாது, ஆழமும் மாறக் கூடாது, ஆழமாப் போனா மரத்துக்குப் புண்ணு" என்றார்கள். 71 வயதில் அந்தக் கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அவர்களுக்கு வெட்டத் தெரியும் என்று எனக்கும் அக்காவுக்கும் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன் தாத்தாவோடு ஐம்பது மரம் வெட்டிவிட்டுத்தான் போவார்களாம். பிள்ளைகள் சிரட்டையைத் தொடவில்லை. விளையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி வந்தார், இப்போது வெட்டு நின்றுவிட்டது, நல்லமிளகுக்குப் போகிறேன் என்றார். அக்கா மகள் அவரிடம் வணக்கம் சொல்லிக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு காரில், "அவங்க விரல்ல கறுப்பா ஒட்டி இருக்கு, போகவே போகாதா?" என்று கேட்டாள். போகாது என்று அம்மா சொன்னார்கள்.

சிதறாலில் அம்மா நான்கு இடத்தில் உட்கார்ந்து ஏறினார்கள். நான் பாதியில் நிறுத்திவிடலாம் என்றேன், கேட்கவில்லை. மேலே பாறை விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரவைத்தோம். அருமனைவிளை அண்ணன் சொன்ன பாய் அப்படியே விரிந்து கிடந்தது. தென்னை பச்சை, நடுநடுவே சிவப்பும் மஞ்சளும், தூரத்தில் மலை நீலமாக. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு பேத்தியின் தோளைப் பிடித்துத் திருப்பி, கைநீட்டி, "அந்த ஆத்து வளைவு தெரியுதா? அதுக்கு இந்தப்பக்கம் ஒரு மஞ்சத் துண்டு. அதுதான் எங்க அப்பா வெட்டுன விளை" என்றார்கள்.

அது அதே விளைதானா என்று எங்களுக்குத் தெரியாது. மரமெல்லாம் இதற்குள் இரண்டு தடவையாவது வெட்டிச் சாய்த்துப் புதிதாக நட்டிருப்பார்கள். அக்கா அந்தத் துண்டைப் படம் எடுத்தாள்.

இலையை விமானத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதனால் பெரியவள் இலை மேல் தாளை வைத்து கிரேயான் தேய்த்து, நரம்பெல்லாம் தெரிகிற மாதிரி எடுத்துக்கொண்டாள். அசல் இலை அம்மாவின் ஜெபப்புத்தகத்துக்குள் இருக்கிறது.

வெட்டுக்காரர்மகள் | ஜனவரி 14

தம்பி, இரண்டு தடவை வாசித்தேன். அம்மாவின் அப்பா எந்த ஊரில் வெட்டினார் என்று கேட்டுச் சொல்லுங்கள். என் அப்பாவுக்கு இப்போது 78. அந்தப் பக்கத்துப் பழைய வெட்டுக்காரர்கள் எல்லோரையும் அவருக்குத் தெரியும்.

வடசேரிவாசி | ஜனவரி 14

கடையாலுமூடு பக்கம் என்கிறார்கள் அக்கா. பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.